மறுமுனை பிடிக்க ஓர் ஆள்

ஜூன் 3

தங்கச்சிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அதைச் சொல்லாவிட்டால் நீ உங்கள் மாமாவுக்குப் போன் போட்டு அவர் உயிரை எடுப்பாய் என்பதால் முதலில் எழுதிவிட்டேன். எனக்குப் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ பேசிப் பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவாய். கடைசியில் நானே மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பேன். சின்ன வயதிலிருந்து இதுதானே நடக்கிறது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுது. எழுத்தில் உன் ஜாலம் பலிக்காது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த இரண்டு பேர் யார்?

லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். "அக்கா, இன்னிக்கு வர வேண்டியவர் வரலை, அரை மணி நேரம் நீ படுத்துக்கோயேன், ஊசிகூடக் கிடையாது" என்றாய். தங்கச்சி வேலை பார்க்கிற இடமாயிற்றே என்று தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். காதில் பஞ்சை வைத்து அந்த ஸ்கேன் மெஷின் குழாய்க்குள் தள்ளினாய். டம் டம் என்று தலைக்கு மேல் ஆணி அடிக்கிற சத்தம். கண்ணுக்கு நேரே சின்னத் திரை, அதில் பந்து விளையாட்டு, பந்தைப் போட என் கையில் ஒரு பொத்தான். "பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் இருக்காங்க, மூணு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கோங்க" என்று மைக்கில் சொன்னாய்.

முதலில் நன்றாகத்தான் போட்டார்கள். இந்த வயதில் பந்து விளையாட்டா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்டார்கள். என் பொத்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தேன். பொத்தான் நன்றாகத்தான் இருந்தது. பந்துதான் வரவில்லை. அசையக் கூடாது என்று நீ சொல்லியிருந்ததால் கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்காமல் கிடந்தேன்.

முகம் தெரியாத இரண்டு பேருக்கு என்னைப் பிடிக்காமல் போக நான் என்ன செய்தேன்? நீ அவர்களிடம் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாயா?

அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

யாரும் இல்லை.

பக்கத்து அறையில் யாரும் இல்லை அக்கா. உடைந்த நாற்காலிகளும் காலித் தண்ணீர் கேன்களும்தான் அங்கே கிடக்கின்றன. உன்னோடு விளையாடியது கம்ப்யூட்டர். கொஞ்ச நேரம் எல்லோருக்கும் போடு, அப்புறம் இவரை விட்டுவிடு என்று அதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம். யார் வந்து படுத்தாலும் இதே விளையாட்டுதான். ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும்போதும் ஒதுக்கும்போதும் மூளை என்ன செய்கிறது என்று படம் பிடிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. முடிந்ததும் உட்கார வைத்து டீ கொடுத்து எல்லாவற்றையும் விளக்கிவிடுவோம். அதைக் கேட்க நீ நின்றால்தானே. நான் படியிறங்கி வருவதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய்.

சொந்தக்காரர்களைப் படுக்க வைக்கக் கூடாது என்று எங்களுக்கு விதியே இருக்கிறது. அன்று ஆள் வரவில்லை, மெஷின் சும்மா கிடக்கிறது, எங்கள் தலைவர் கடுகடுவென்று நடந்துகொண்டிருந்தார். எதிரே நீ வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். புத்தி கெட்டுப்போய்ச் செய்துவிட்டேன். மன்னித்துவிடு. இதில் ஜாலம் எதுவும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வெளியே வருகிறவர்கள் எரிச்சலோடு வருவார்கள், முகம் வாடி வருவார்கள், "அவங்க ரெண்டு பேரும் ஃபிரண்ட்ஸா?" என்று கேட்பார்கள். ஒருவர்கூடக் கன்னமெல்லாம் நனைந்து வந்ததில்லை. நீ அழுகிற ஆளா? பள்ளிக்கூடத்தில் என்னை அடித்த பையனின் வீட்டு வாசலில் போய் நின்று அவனுடைய அப்பாவையே அழ வைத்தவள் நீ.

அங்கே என்ன நடக்கிறது? மாமாவிடம் கேட்டால் "நல்லாத்தானே இருக்கா" என்கிறார். அவருக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதே மறுநாள்தான் தெரியும். நீயே சொல்.

உன் தங்கச்சி

ஜூன் 14

அடியே,

ஒரு மெஷினுக்காகவா நான் அழுதேன்? உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோபம் வந்தது. ஆளில்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறாய். எனக்கு அவமானமாகத்தான் இருக்கிறது.

சரி, கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உங்கள் மாமாவிடம் மூச்சு விடாதே. அவர் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றுவிடுவார்.

ஆஸ்பத்திரிச் சலவை வேலையில் என்னைக் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவின் கூடத்துக்கு மாற்றினார்கள் என்று சொன்னேன் அல்லவா? இங்கே டிரையரிலிருந்து பெட்ஷீட் மலையாக வந்து விழும். இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க வேண்டும். ஒருத்தி ஒரு முனையை எடுத்துக்கொண்டு மறுமுனையை வீசுவாள். எதிரே நிற்பவள் பிடித்துக்கொள்வாள். உதறி, இழுத்து, இரண்டு பேரும் நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். யாருக்கு வீசுகிறோம் என்று பார்க்கக்கூட மாட்டார்கள். வாய் பாட்டுக்கு ஊர்க் கதை பேசும், கை பாட்டுக்கு மடிக்கும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

எனக்கு மட்டும் யாரும் வீசுவதில்லை. நான் வீசினால் யாரும் பிடிப்பதில்லை. ஷீட் தரையில் போய் விழும். தரையில் பட்டால் மறுபடி துவைக்கப் போட வேண்டும். அதனால் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாக மடிக்கிறேன். அப்படியும் பாதி தரையைத் தொட்டுவிடுகிறது. என் வண்டியில் அழுக்குக் குவியல்தான் அதிகம். மேனேஜர் தினமும் முறைக்கிறார்.

வந்த அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மணிக்கு எத்தனை மடிப்பீங்க?" என்று கேட்டார். இருநூறு என்றேன். குழந்தைகள் பிரிவில் அவ்வளவு மடித்துக்கொண்டிருந்தேன், உள்ளதைச் சொன்னேன். மறுநாள் காலை போர்டில், ஒவ்வொரு ஜோடியும் இருநூறு என்று எழுதியிருந்தது. மத்தியான ஓய்வு போயிற்று, டீ போயிற்று. அன்றிலிருந்து நான் அவர்களுக்கு மேனேஜரின் கைக்கூலி. வெங்கலம் என்று ஒருத்தி இருக்கிறாள், குரலுக்காக வைத்த பெயர். அவள்தான் எல்லோருக்கும் தலைவி. அவள் முகத்தைத் திருப்பினாள், எல்லோரும் திருப்பிக்கொண்டார்கள். ஒல்லி என்று ஒரு பெண், அவள் மட்டும் முதல் வாரம் எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் நின்றுவிட்டது.

திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். யாரும் எதுவும் சொல்வதில்லை. நான் போய் உட்கார்ந்தால் பெஞ்ச் காலியாகிறது, அவ்வளவுதான். ராத்திரி படுத்தால் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது. இதற்கெல்லாம் வலிக்குமா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. போதுமா?

அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

முதலில் வெட்கத்தைத் தூக்கிக் குப்பையில் போடு.

உன் மாதிரி கேட்காதவர்கள் இல்லை. "இதுக்கெல்லாமா வலிக்கும்?" என்று எங்கள் தலைவரே ஒரு காலத்தில் கேட்டாராம். உடம்பில் அடிபட்டால் அந்த வேதனையை உணர்த்த மூளையில் சில இடங்கள் விழித்துக்கொள்கின்றன. பந்து வராதபோதும் அதே இடங்களில் சில விழித்துக்கொள்வதைப் படத்தில் பார்க்கிறோம். அது வலிதானா, இல்லை எதிர்பாராதது நடந்ததால் வந்த திகைப்பா என்று எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே இரண்டு கட்சி இருக்கிறது. டீ குடிக்கும்போது ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொள்வார்கள். ஆனால் ஒதுக்கினால் மனிதனுக்குத் துன்பம் என்பதில் இரண்டு கட்சிக்கும் சந்தேகமே இல்லை. இன்னொன்று சொல்கிறேன். "எதிரே ஆள் இல்லை, கம்ப்யூட்டர்தான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு விளையாட வைத்தாலும் மனசு வாடத்தான் செய்கிறதாம். ஆகவே மெஷினுக்காக அழுதேன் என்று அவமானப்படாதே. எல்லா மூளையும் அப்படித்தான். நீ அன்று எங்கள் குழாய்க்குள் வருவதற்கு முன்பே வாரக்கணக்கில் அதே விளையாட்டில் இருந்திருக்கிறாய். எனக்குத் தெரிந்திருந்தால் உன்னை அந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டேன்.

இப்போது நான் உன்னைத் திட்டப் போகிறேன். உன் கடிதத்தில் ஓர் இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தைகள் பிரிவில் மடித்த கணக்கைச் சொன்னேன் என்கிறாய். குழந்தைகள் பிரிவில் நீ மடித்தது தொட்டில் ஷீட். துண்டு அளவுதான் இருக்கும். நான் அங்கே வந்து பார்த்திருக்கிறேன். நீ ஒருத்தியே நின்ற இடத்தில் ஒரு கையால் மடித்துப் போடுவாய். மேனேஜர் கேட்டதோ பெரிய கட்டில் ஷீட். அவர் தொட்டில் கணக்கைக் கட்டிலுக்கு எழுதி வைத்திருக்கிறார்.

இது அவருக்குத் தெரியுமா? வெங்கலத்துக்குத் தெரியுமா? நீ யாரிடமாவது சொன்னாயா?

இத்தனை நாளாக உனக்கே இது தோன்றவில்லை என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. ஒதுக்கி வைத்த கையோடு ஒருவரிடம் யோசிக்க வேண்டிய கணக்கைக் கொடுத்தால் தடுமாறுகிறார். புத்தியெல்லாம் காயத்தின் மேலேயே இருக்கும். நீ முட்டாள் இல்லை. சொல்லிவிடு, அவ்வளவுதான் வேலை.

உன் தங்கச்சி

ஜூன் 23

தங்கச்சிக்கு,

நீ எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சரிதான். தொட்டில் கணக்கு. கை பழகிய எண்ணை வாய் சொல்லிவிட்டது.

ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல? நான் பக்கத்தில் போனாலே எழுந்து போகிறவர்களை ஓடிப் பிடித்து, "அம்மா தாயே, நான் சொன்னது தொட்டில் ஷீட்" என்று கெஞ்சச் சொல்கிறாயா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாருக்குமே கேட்கத் தோன்றவில்லை. எனக்கு நாக்கு இருக்கிறது என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. கேட்காதவர்களிடம் நான் ஏன் போக வேண்டும்? எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஒன்றாம் தேதி வேலையை விட்டுவிடுகிறேன். மேனேஜரிடம் சொல்லவில்லை, முடிவு செய்துவிட்டேன். உங்கள் மாமாவிடம் முதுகுவலி என்று சொல்லிக்கொள்வேன். பதினேழு வருடமாக ஆசைப்பட்டுப் பார்த்த வேலை. ஷீட் வெந்து வருகிற வாசனையே எனக்குப் பிடிக்கும்.

அக்கா

ஜூன் 26

அக்கா,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ஒன்றாம் தேதிக்கு முன் உனக்குக் கிடைக்க வேண்டும்.

எங்கள் விளையாட்டை வேறு விதமாகவும் ஆட வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரை உட்கார வைத்து, "மூணாவது ஆளுக்கு மட்டும் பந்து போடாதீங்க" என்று சொல்வார்கள். அவர் சொன்னபடியே போடாமல் இருப்பார். முடிந்தபின் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவருக்கும் நன்றாக இருப்பதில்லை. ஒதுக்கப்பட்டவர் மட்டும் இல்லை, ஒதுக்கியவரும் வாடிப்போகிறார். அந்தக் கூடத்தில் உன்னைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கெஞ்சாதே. உன்னைக் கெஞ்சச் சொல்லவே இல்லை. எனக்குத் தெரிந்த அக்கா கெஞ்சுகிறவள் இல்லை, வாசலில் போய் நிற்கிறவள். போய் நில்.

இன்னொன்று. உன்னைப் படுக்க வைத்ததை எங்கள் தலைவரிடம் நானே சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் காய்ச்சி எடுத்தார். உன் படங்களை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டோம். எனக்கு ஒரு மாதம் மெஷின் பக்கம் போகத் தடை. நன்றாக வேண்டும் எனக்கு.

வேலையை விடாதே அக்கா. விடுவதானாலும் சொல்லிவிட்டு விடு.

தங்கச்சி

ஜூலை 3

என் மூளையைத் தூக்கிக் குப்பையில் போட்ட என் அருமைத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. வெங்கலத்துக்கும் மனசு வாடுதாம், பாவம், ஒத்தடம் கொடுக்கட்டுமா என்று உன்னைத் திட்டிக்கொண்டே படித்தேன். ஆனால் "போய் நில்" என்று எழுதியிருந்தாயே, அது ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்னைச் சும்மா விடவில்லை.

திங்கள் காலை முதல் வேலையாகக் குழந்தைகள் பிரிவுக்குப் போய்த் தொட்டில் ஷீட் ஒன்று வாங்கிக்கொண்டேன். எங்கள் கூடத்துக்கு மேனேஜர் வருகிற நேரம் வரை காத்திருந்தேன். அவர் போர்டைப் பார்த்து, வழக்கம்போல என் வண்டியைப் பார்த்து, "என்னம்மா இது?" என்று ஆரம்பித்தார். நான் அந்த ஷீட்டை மடிப்பு மேஜையில் விரித்தேன். மேஜையில் கால்வாசிகூட மூடவில்லை.

"சார், நீங்க கேட்டப்ப நான் இருநூறுன்னு சொன்னது இதை. குழந்தைங்க பிரிவுல தனியா மடிப்போம். அந்த எண்ணைத்தான் இந்தப் பெரிய ஷீட்டுக்கு எழுதி வெச்சிருக்கீங்க."

டிரையர் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்று வேண்டுமென்றே கத்தினேன். கைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒல்லி வாயைப் பிளந்துகொண்டு மேஜையைப் பார்த்தாள்.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப பெருசு எத்தனை முடியும்? அதையாவது ஒழுங்காச் சொல்லுங்க" என்றார்.

"தெரியாது சார். இங்க வந்ததுலேர்ந்து என்கூட யாரும் மடிச்சதில்ல. மறுமுனை பிடிக்க ஆள் இருந்தாத்தானே எத்தனைன்னு சொல்ல முடியும்?"

சொல்லிவிட்டேன். குவியலிலிருந்து ஒரு பெரிய ஷீட்டை எடுத்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை வீசினேன். யாருக்கு என்று பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

ஷீட் தரையில் விழவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் வெங்கலம். பல்லைக் கடித்துக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி, முனையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "இழுத்துப் பிடி" என்றாள். இந்தக் கூடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. உதறினோம். டப் என்று ஒரு சத்தம் வந்தது பார், அப்படி ஒரு சத்தத்தை நான் தனியாக உதறி ஒருநாளும் கேட்டதில்லை. நடந்து வந்து முனை சேர்த்தோம். அவளுடைய விரல் என் விரல் மேல் பட்டது. ஈரமாக இருந்தது. ஷீட் ஈரமா, கை வியர்வையா, தெரியவில்லை.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் முழுக்க நின்றார். நாங்கள் ஏமாற்றவில்லை, இழுத்தடிக்கவும் இல்லை, நன்றாகவே மடித்தோம். நூற்றுப் பத்து வந்தது. வெங்கலம் போய்ப் போர்டில் இருந்த இருநூறைத் தன் முந்தானையாலேயே அழித்தாள். "எழுதுங்க சார்" என்று சாக்பீஸை அவர் கையில் கொடுத்தாள். நூறு என்று எழுதினார். "மத்தியான ஓய்வு?" என்றேன் நான். "டீ?" என்றாள் ஒல்லி. அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேனேஜர் சரி சரி என்று கையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். கூடம் முழுக்க ஒரே கைதட்டல். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதே. மத்தியானம் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். யாரும் மன்னிப்பு என்று வாய் திறக்கவில்லை. "அந்தக் குழந்தைங்க பிரிவுல நல்ல ஃபேன் இருக்காமே?" என்று ஏதேதோ கேட்டார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு பேசிவிட்டு எழுந்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"நீங்க செஞ்சது எனக்கு ரொம்ப வலிச்சுது. கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன். நாளைக்கு வேலைய விடறதா இருந்தேன். இது உங்க எல்லாருக்கும் தெரியணும்."

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். வெங்கலம்தான் பேசினாள். கூடமே அதிரப் பேசுகிறவள், பக்கத்தில் இருந்த எனக்கே காதை நீட்ட வேண்டியிருந்தது. "எனக்கு மட்டும் நல்லா இருந்துச்சா? உன் ஷீட் தரையில விழும்போதெல்லாம் என் கை தானா நீளும். மத்தவங்க பாக்கறாங்களேன்னு இழுத்துக்குவேன். வீட்டுக்குப் போனா எரிச்சல் எரிச்சலா வரும், புள்ளைங்க மேல காட்டுவேன்."

"இழுத்துக்காம இருந்திருக்கலாம்ல?" என்றேன்.

"இருந்திருக்கலாம்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. நீ எழுதியது சரியாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அதை உன் தலைவரிடம் போய்ச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளாதே, நான் உன் ஆராய்ச்சியில் இல்லாதவள். அந்த இரண்டு கட்சிக்காரர்களிடம் மட்டும் ஒன்று சொல். வலியா திகைப்பா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், என்னைக் கேட்டால் சொல்லுவேன். வலிதான். போன பிறகு உடம்பு எப்படி லேசாக இருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். திங்கள் இரவு படுத்ததுதான் தெரியும், விடிகாலையில் உங்கள் மாமா எழுப்பித்தான் எழுந்தேன். "என்னடி, முகம் பளபளன்னு இருக்கு?" என்று கேட்டார் என்றால் பார்த்துக்கொள், அவருக்கே தெரிந்திருக்கிறது.

உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. இனிப் போன் செய்யலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் செய், அதற்கு முன் நான் வாயைத் திறந்தால் வேறு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பெண்கள் இவ்வளவு பேசுவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, தலை வலிக்கிறது.

ஒன்றாம் தேதி என்ன செய்தேன் என்று கேட்பாய். பொழுது விடிந்ததும் கிளம்பி, கூடம் திறப்பதற்கு வெகு நேரம் முன்பே போய்ச் சேர்ந்தேன். நான்தான் முதல் ஆள் என்று நினைத்தேன். பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் வெங்கலம் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஏன் இவ்ளோ லேட்டு?" என்றாள்.

அக்கா